கவிழ்த்து வைத்த துரும்பு

யாழ்ப்பாணத்துக்காரர்கள் மூன்று பேர் கூடினால் நாலாவது ஆளைத் தேடுவது பல நேரம் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடத்தான். முதலில் கைக்கு வருவது நாலே சீட்டு. மீதி நாலு இன்னும் கட்டில் இருக்கும்போதே, அந்த அரைக் கையை நம்பி ஏலம் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து மேசையில் வைக்கும் அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் ரசிகன். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஏலம் எடுத்து ஆடுகிறவருக்குக் கூட்டாளியின் 13 சீட்டும் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். நிதானமாக எண்ணித் திட்டமிடலாம். இங்கே திறந்திருப்பது கூட்டாளியின் முகம் மட்டும்தான், நல்ல ஆட்டக்காரர் அதையும் மூடியே வைத்திருப்பார்.

ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. ராஜாவை ஒன்பது அடிக்கும் இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிராளியின் ஜாக்கி விழும்வரை ஒன்பதை விரலிடுக்கில் அடக்கி, சில்லறைச் சீட்டாகப் போட்டுக்கொண்டிருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் குப்புற நகர்த்துவார். துரும்பு வைத்தவர் மட்டும் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். துரும்பென்றால் எல்லாம் அம்பலம். இல்லையென்றால் புருவம்கூட அசையாமல் மறுபடி கவிழ்ப்பார். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ரம்மிக்காரர்களே, கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டு, மிஞ்சும் 32 சீட்டில் காசு வைக்காமல் ஆடிப் பாருங்கள்.