எழுவாய் இல்லாத சிறுமிகள்

2017 மே மாதம், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி கத்தோலிக்க உயர்மறைமாவட்டம், சாரணியர் அமைப்பான கேர்ள் ஸ்கவுட்ஸுடன் உறவை முறித்துக்கொண்டது. சாரணியர் நிதிக்காகச் சிறுமிகள் பிஸ்கட் விற்பதும் பங்குகளில் நிற்க வேண்டும் என்றார் பேராயர் ஜோசப் நௌமன். மாற்றாக அவர் முன்வைத்தது, 1995இல் ஒஹையோவில் தொடங்கப்பட்ட கிறித்தவ அமைப்பான அமெரிக்கன் ஹெரிடேஜ் கேர்ள்ஸ்.

அவர்கள் சொன்ன காரணங்களை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். கருத்தடை, கருக்கலைப்பு பற்றிய கவலையோடு இன்னொன்றும் இருந்தது: மார்கரெட் சாங்கர், பெட்டி ஃப்ரீடன், குளோரியா ஸ்டைனம் ஆகியோர் சிறுமிகளுக்கு முன்மாதிரிகளாகக் காட்டப்படுகிறார்களாம். எந்தச் சிறுமியும் எதுவும் செய்துவிடவில்லை. அவள் யாரை வியந்துவிடுவாளோ என்பதுதான் அச்சம்.

தன் வளாகத்தில் தன் நம்பிக்கையைக் கற்பிக்கத் திருச்சபைக்கு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உடனே மாறுவதா, இப்போதுள்ள சிறுமிகள் முடிக்கும்வரை சில ஆண்டுகள் பொறுப்பதா என்ற தெரிவு பங்குத் தந்தையரிடம் தரப்பட்டது. கூடாரம் அடிக்கவும் கணக்கு வைக்கவும் கூட்டம் நடத்தவும் பழகிய சிறுமிகளிடம் அல்ல.

கற்பு பற்றிய உரைகளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவள் நான். பெண்ணைப் பற்றிய வாக்கியத்தில் பெண் எழுவாயாக வராமல், செயப்படுபொருளாகவே நிற்கும் இலக்கணம் எனக்குப் பழக்கமானது. பேராயரின் ஆங்கிலத்திலும் அதே இலக்கணம்தான். ஒழுக்கம் யாருடையது என்று கேட்பதற்குமுன், அந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று கேட்போம்.