புகாருக்கு ஒரு டோல்கேட்

கோலியனூரில் எனக்கு வேண்டிய ஒரு குடும்பம். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். 'மகளிர் மட்டும்' ஓடிக்கொண்டிருந்தது. 1994-ல் வந்த படம். நாகேஷ் பிணமாக வந்து சேர்ந்ததும் எனக்கு வயிறு புண்ணானது. அக்காவும் (அப்படித்தான் கூப்பிடுவேன்) கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் மகள் மட்டும் சிரிக்கவே இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. விழுப்புரத்தில் ஒரு சின்னக் கடையில் பில் போடுகிற வேலை. முதலாளியைத் தவிர மொத்தம் ஏழு பேர். பில் புக்கை வாங்குகிற சாக்கில் முதலாளியின் கை எங்கெல்லாம் போகிறது என்பதை அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னாள். அக்காவின் சிரிப்பு நின்றது. "அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போடி. வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்ன யாரு கட்டுவான்?"

படத்துக்கு வருவோம். கமல் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவருக்கும் நாசர் என்கிற ஒரே மேலதிகாரியால் தொல்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவரும் டைப்பிஸ்ட்டும் துப்புரவுத் தொழிலாளியும் ஒன்று சேர்கிறார்கள். எந்த ஆபீஸில் இந்த மூன்று பேர் ஒரே மேஜையில் டீ குடித்துப் பார்த்திருக்கிறீர்கள்? அதைக் காட்டியதற்காகவே படத்துக்கு ஒரு சபாஷ்.

மூவரும் அவரைக் கட்டிப்போடுகிறார்கள், ஆபீஸை நடத்துகிறார்கள். புகார் எழுதுவதில்லை. அதில் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இதற்கென்று தனிச் சட்டமே கிடையாது. ராஜஸ்தானில் 1992-ல் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகுதான் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. சட்டம் வந்தது 2013-ல்.

என் குறை வேறு. படத்தில் தொல்லை கொடுப்பவர் ஒரு கோமாளி. நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். நிஜத்தில் அந்த ஆளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது. எழுந்து நின்று வணக்கம்தான் வைப்போம்.

எவ்வளவு பெரிய வணக்கம் என்பதற்கும் விழுப்புரத்திலேயே சாட்சி இருக்கிறது. 2021 பிப்ரவரி. தமிழகக் காவல்துறையில் அப்போது சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்தவர் ராஜேஷ் தாஸ். முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது காரில் தன்னிடம் அத்துமீறினார் என்று ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி குற்றம் சாட்டினார். புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய அவரைப் பரனூர் டோல்கேட்டில் போலீஸே மறித்தது. மறித்தவர் அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி.

யோசித்துப் பாருங்கள். காக்கி உடுப்பு, பதவி எல்லாம் இருந்தும் ஒரு பெண் அதிகாரியின் புகார் டோல்கேட்டைத் தாண்ட இந்தப் பாடு.

அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூன் 16-ல் விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் அமர்வு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். அது இருக்கட்டும். வழியில் மறித்த எஸ்.பி.க்கு நடுவர் நீதிமன்றம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய்!

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. மறித்தவருக்கு 500 ரூபாய் செலவு. புகார் கொடுப்பவளுக்கு? வேலை, பேர், கல்யாணம், தூக்கம். நஷ்டத்தையெல்லாம் ஒருத்தி பேரிலேயே எழுதிவிட்டு, 'ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?' என்று கேட்கிறோம்.

ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு டோல்கேட் இருக்கிறது. 'சார் அப்படிப்பட்டவர் இல்லை' என்கிற மேனேஜர். 'எதுக்கு வம்பு' என்கிற சீனியர். அந்த ஞாயிற்றுக்கிழமை அது கோலியனூர் வீட்டு ஹாலிலேயே இருந்தது. அக்காவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பயம் பொய்யில்லை. ஆனால், பதில் இருக்கிற பயம் அது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் நிறுவனத்திலேயே புகார் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவா, இல்லை, புகாரே முதலாளி மேலா? மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். முக்கியமாக, புகார் கொடுத்தவரின் பேர், அடையாளம் எதையும் யாரும் வெளியிடக் கூடாது. நான் விவரங்களை மாற்றிய காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எழுதறதுக்கு வெள்ளப் பேப்பர் போதுமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை விழுப்புரம் பஸ்ஸில் மூன்று டிக்கெட் எடுத்தேன்.