கரடி சுடக் கட்டணம்

ஓரிகானின் மேற்கே, மரக் கம்பெனி நிலத்துக்குள் காசு கட்டிப் போய் வசந்தகாலத்தில் கரடி வேட்டையாடுவது கட்டுபடியாகுமா? 1994 வாக்கெடுப்பு முதல் இரை வைக்கவும் நாய் விடவும் அங்கே தடை. கண்ணால் தேடித்தான் ஆகணும். அதற்கு மரம் வெட்டிய சரிவுகள் தோது, கேட்டைத் தாண்டினால் கூட்டமும் குறைவு. இதுவரை கணக்கு சரி.

எனக்கு இடிக்கிறது வேறு. குளிர்கால உறக்கம் முடிந்து வரும் கருங்கரடி, பழங்கள் வரும்வரை இளம் டக்ளஸ் ஃபிர் மரங்களின் பட்டையை உரித்து உள்ளே இருக்கும் இனிப்பைச் சுரண்டித் தின்னும். மரம் பட்டுப்போகும். இந்த வேட்டைக்குச் சொல்லப்படும் நியாயங்களில் அதுவும் ஒன்று. அப்படின்னா கம்பெனி மரத்துக்குக் காவல் காக்கிறவன் கம்பெனிக்கே ஏன் பணம் கட்டணும்?

குட்டியோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது என்பது விதி. குட்டியை மரத்தில் ஏற்றிவிட்டுத் தாய் தள்ளி மேய்ந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் 2022 நவம்பரில் பொழுதுபோக்கு வசந்த வேட்டையையே நிறுத்த முடிவெடுத்தார்கள்.

பணம் கட்டும்முன் ஒன்று கேளுங்கள்: பட்டை உரிந்த இடத்தைக் காட்டுவார்களா, கேட்டை மட்டும் திறந்துவிடுவார்களா?