மண்ணுக்கு ஏது தாழ்வு?

கலைக்குள்ளும் மேல் கீழ் வகுத்து வைத்திருக்கிறார்கள். பளிங்கு உயர்ந்ததாம், வெண்கலம் அதற்கு நிகராம், சுட்ட மண்ணோ அடுக்களைக்கு உரியதாம்! பளிங்கைச் செதுக்குபவன் கலைஞன். மண்ணைப் பிசைபவன் வெறும் கைவினைஞன்! இந்த ஏற்றத்தாழ்வை எழுதியது யார்? கலையா? இல்லை; சந்தை விலை எழுதிற்று. அந்தப் பொய்யை வாழ்நாளெல்லாம் தம் கைகளால் மறுத்த ஒருவரை எண்ணிப் பார்க்க விழைகிறோம். அவர்தாம் இத்தாலியச் சுடுமண் சிற்பி லியோன்சில்லோ லியோனார்தி.

1915-ஆம் ஆண்டு ஸ்பொலேத்தோ நகரில் பிறந்தார்; பெரூஜியாவில் கலை பயின்றார். 1939 முதல் 1942 வரை உம்பெர்த்திதே என்னும் சிற்றூரில், மட்பாண்டத் தொழிற்சாலையில் உழைத்தார். சூளையின் இயல்பு எளிதன்று. உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். தடித்த இடம் வெடிக்கும். பெரிய சிலையை உள்ளே குடைந்து, துண்டுகளாகச் சுட்டு, பின்னர் இணைக்க வேண்டும். பூசும்போது மங்கித் தோன்றும் வண்ணம் தீயில் வெந்த பின்னரே தன் நிறம் காட்டும். அது மேற்பூச்சு அன்று. மண்ணோடு மண்ணாய் உருகி ஒன்றிய நிறம். இந்த உண்மையே அவருடைய கலைக்கு அடிப்படை.

நாசிகளை எதிர்த்த விடுதலைப் போரில் அவர் பங்கு கொண்டார். ஜெர்மானியரால் கொல்லப்பட்ட ரோமானியத் தாயை 1944-இல் மண்ணில் வடித்தார். அதன்பின் சில ஆண்டுகள் பிக்காசோவின் வழியில் கோணங்களும் முனைகளுமாக உருவங்களைச் சமைத்தார். திறமை இருந்தது, எனினும் இரவல் வடிவம் மண்ணின்மேல் ஏறி அமர்ந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், பழங்கலையில் தோய்ந்த திறனாய்வாளர் ரொபேர்த்தோ லோங்கி, 1954-இல் இவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சுடுமண்ணைச் சிற்பம் என ஏற்காதவர்க்கு அதுவே விடை.

வெனிசு நகருக்காக அவரிடம் ஒரு நினைவுச் சிலை கேட்கப்பட்டது. எதிர்ப்புப் போரில் நின்ற வெனெட்டோ மகளிர்க்கான சிலை. வடித்தார். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய போராளிப் பெண்! சிவப்பு ஆகாது என்றனர் பொறுப்பாளர். சிவப்பில்லாத வேறொரு சிலை செய்தார். 1957-இல் அது திறக்கப்பட்டது. 1961 சூலைத் திங்களில் ஓர் இரவு, புதிய பாசிசக் கும்பல் வெடி வைத்துத் தகர்த்தது. முதலில் நிறத்துக்கு அஞ்சினார்கள். பின்னர் உருவத்துக்கே அஞ்சினார்கள்! மறுக்கப்பட்ட முதற்சிலையோ, அதே நகரின் கா பேசரோ கலைக்கூடத்தில் சிவப்புத் துணியோடு நிற்கிறது.

வெண்கலத்தில் வார்த்திருந்தால் பிழைத்திருக்குமே என்பார் உளர். 1969-இல் அவ்வூரில் அகுஸ்தோ மூரர் வடித்த வெண்கலப் போராளிப் பெண், கார்லோ ஸ்கார்ப்பா அமைத்த பீடத்தில், நீர் விளிம்பில் கிடத்தப்பட்டாள். அதுவும் நெஞ்சைத் தொடும் படைப்பே; மறுக்கவில்லை. ஆனால், எளிதில் சிதையும் உடலோடு துணிந்து நின்ற பெண்ணுக்கு, எளிதில் சிதையும் மண்ணைக் காட்டிலும் பொருத்தமான பொருள் வேறு யாது?

அவருடைய உச்சம் இதற்கும் அப்பால் இருக்கிறது. 1956-இல் சோவியத் படை அங்கேரியில் புகுந்தபின், பொதுவுடைமைக் கட்சியிலிருந்து விலகினார். இரவல் வடிவங்களையும் துறந்தார். மண்ணைப் பிளந்தார், வெட்டினார், அடுக்கினார். 1960-களில் செய்த 'புனித செபஸ்தியான்' சிற்பங்களில் முகம் இல்லை, அம்பு இல்லை; வெடித்துப் பிளந்த மண்தான் உண்டு. ஆயினும் அது புண்பட்ட உடல் என உணர்கிறோம். மண்ணைத் தம் தசையாகவே கருதியவர் அல்லவா அவர்! கதை சொன்ன மண் இங்கே தானே பேசத் தொடங்கிற்று. ஆகவே, தொடக்கக் காலத்துச் சிலைகளைவிட இவற்றையே மேலாக மதிக்கிறோம்.

1968-இல் ரோமில் மறைந்தார். பொருளால் கலைக்கு உயர்வு வருவதில்லை. கலையால்தான் பொருளுக்கு உயர்வு. இதை ஏற்காதவர், அந்தப் பிளந்த மண்ணின் முன் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.