அடிப்பிடித்த சோற்றுக்கு 8 வெள்ளி

கிளேபாட் ரைஸ் பற்றி எழுத வேண்டும் என்று குறிப்பேட்டில் ஒரு பக்கம் ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் சாப்பிட நேர்ந்தது, அதனால் எழுதிவிடுகிறேன். ஒன்று சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடியில் உள்ள ஒரு கடை. இன்னொன்று ஒரு பேரங்காடியின் அடித்தளத்தில், ஏசி போட்ட ஃபுட் கோர்ட். இரண்டிலும் விலை 8 வெள்ளிதான். கடைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. முதல் கடையில் வரிசை ஏற்கெனவே போதுமான நீளம். இரண்டாவது கடையின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இடம் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலிருந்து நாலைந்து நிமிட நடை. அந்தக் கோயில் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட் என்று பெயரே வந்தது. தெருவில் வண்டி போட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய கட்டடம் இது, 1983ல் திறந்தது. 200க்கும் மேல் சாப்பாட்டுக் கடைகள், தலைக்கு மேல் மின்விசிறி. கரியடுப்புக்குப் பக்கத்து மேசை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

கேண்டனீஸில் இதன் பெயர் போ சாய் ஃபான். சின்னச் சட்டிச் சோறு என்று அர்த்தம். குவாங்டோங்கிலும் ஹாங்காங்கிலும் குளிர்காலச் சாப்பாடு. குளிர்ந்த வறண்ட காற்றில் காயவைத்த பன்றி இறைச்சியும், லாப் சியோங் என்கிற இனிப்பான உலர்ந்த சாசேஜும் மேலே போடுவார்கள். இங்கே குளிர்காலம் கிடையாது. வருஷம் முழுக்க வேர்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம்.

என் குறிப்பேட்டில் இருப்பது நேரக் கணக்கு. முதல் கடையில் 6:50க்கு ஆர்டர் கொடுத்தேன். சட்டி மேசைக்கு வந்தது 7:31க்கு. 41 நிமிஷம். ஃபுட் கோர்ட்டில் 9 நிமிஷம். இந்த விமர்சனம் முழுக்க அந்த 32 நிமிஷ வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

முதல் கடையில் சட்டிக்குள் போவது ஊறவைத்த பச்சரிசி. தண்ணீர் ஊற்றி மூடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். தண்ணீர் வற்றி, மேலே சின்னச் சின்ன குழிகள் தெரியும்போது கோழித் துண்டுகளும் சாசேஜும் உள்ளே போகின்றன. கறியின் ஆவி சோற்றுக்கும் சோற்றின் ஆவி கறிக்கும் போய், கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. அப்புறம் சட்டியைச் சாய்த்து வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் இந்தப் பக்கம், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம். மண் மெதுவாகத்தான் சூடு கடத்தும், எங்கே தணல் படுகிறதோ அங்கேதான் காயும், அதனால் இந்தத் திருப்பல். ஒரு அங்கிள் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு சட்டிகளை இப்படித் திருப்பிக்கொண்டிருந்தார். எதை எப்போது ஏற்றினோம் என்பதெல்லாம் மண்டைக்குள்தான். சீட்டு இல்லை, டைமர் இல்லை.

இதெல்லாம் எதற்கு? அடியில் பிடிக்கிற அந்த மெல்லிய பொன்னிற ஓட்டுக்காக. ஃபான் சியூ என்பார்கள். சோற்றில் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் அடி 100 டிகிரியைப் பெரிசாகத் தாண்டாது. சிவந்து மணக்கிற வேலை வேகம் பிடிப்பது 140 டிகிரியை ஒட்டித்தான். அதாவது சோறு வெந்து முடிந்த பிறகுதான் ஓட்டின் சமையலே ஆரம்பிக்கிறது. அவசரப்பட்டால் கருகும், பயந்தால் ஈரமாகவே நிற்கும். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மேசைக்கு வந்த பிறகும் உள்ளே சடசடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் அடியில் கரண்டி போடுவதில்லை.

ஃபுட் கோர்ட்டில் நடந்தது வேறு. கவுன்ட்டருக்குப் பின்னால் பெரிய ரைஸ் குக்கர். அதிலிருந்து வெந்த சோற்றை அள்ளிச் சூடான சட்டியில் போட்டு, ஏற்கெனவே சமைத்த கோழியை மேலே வைத்து, கேஸைத் திருப்பி விட்டார்கள். சட்டி என்னவோ கொதிக்கக் கொதிக்கத்தான் வந்தது. படம் எடுத்தால் இதுதான் அழகாக இருக்கும். ஆனால் விளிம்பில் கறுப்பு வளையம், நடுவில் குழைந்த சோறு, கோழிச்சாறு மேலே தனியாக ஒரு குட்டை. சட்டி இங்கே பாத்திரம் கூட இல்லை, தட்டு. நான் குறையாகச் சொல்வது சுவையை இல்லை. ஒரு மணி நேர லஞ்சில் வருபவருக்கு 9 நிமிஷத்தில் சூடான சோறு கிடைப்பது நல்ல விஷயம்தான். கரண்டியால் பரிமாறிய சோற்றுக்கு கிளேபாட் ரைஸ் என்று பலகை மாட்டுவதுதான் இடிக்கிறது.

இந்த உணவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கரியடுப்பா, அப்போ அசல். கேஸா, அப்போ போலி. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. மூடிய சட்டிக்குள், நன்றாகக் கனிந்த தணலில் இருந்து எவ்வளவு புகை போய்விடும்? நாம் புகைவாசம் என்று சொல்வதில் பாதி அடிச்சோறு சிவந்த வாசம்தான் என்று நினைக்கிறேன். கேஸ் அடுப்பில் பச்சரிசியிலிருந்து ஆரம்பித்துச் செய்கிற ஒரு கடையில் சாப்பிட்டிருக்கிறேன், ஓடு அருமையாக இருந்தது. கரியடுப்பு வைத்திருந்தும் ஒரு பக்கம் தீய்த்து இன்னொரு பக்கம் வெள்ளையாகக் கொடுத்த கடையிலும் சாப்பிட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அரிசி இந்தச் சட்டியில் பச்சையாக உள்ளே போனதா இல்லையா?

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முன்னால் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தபோது இதே கடைக்குக் கூட்டிப் போனேன். பன்றி வேண்டாம், கோழி மட்டும், ஊற்றுகிற எண்ணெயும் வேண்டாம் (சில கடைகளில் அது பன்றிக் கொழுப்பு) என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்ததிலேயே அம்மாவுக்குப் பாதிப் பொறுமை போய்விட்டது. விலையை ரூபாயாக்கிப் பார்த்ததும் மீதியும் போனது.

"ஐந்நூறு ரூவாய்க்கு அடிப்பிடிச்ச சோறாப்பா?"

எங்கள் வீட்டில் காந்தல் அம்மாவின் பங்கு. நாம் சோறு வடித்துச் சாப்பிடுகிற ஆட்கள். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சியை வடிக்கிற முறையில் அடிப்பிடிக்க அதிகம் வழியில்லை. பிடித்தால் அது தவறு, யாரோ பராக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தவறை அம்மா சுரண்டித் தண்ணீர் ஊற்றித் தின்றுவிடுவார். அவருக்கு அது பிடிக்கும் என்றுதான் நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் கூட்டியும் போனேன். சுரண்டி அவர் தட்டில் வைத்தேன்.

"நான் காந்தலை ஆசப்பட்டா தின்னேன்? கொட்ட மனசில்லாம தின்னேன்."

நான் என்ன பதில் சொல்வது. தலையைக் குனிந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு. இது அவுங்க வேணும்னே பிடிக்க வெச்சது" என்றார். இந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சரியான வாக்கியம் இல்லை. ஈரானியர்கள் தாதிக் என்றும் கொரியர்கள் நுருங்ஜி என்றும் அடிச்சோற்றுக்குத் தனி மரியாதை கொடுக்கிறார்கள் என்று வீட்டில் நான் விளக்கியபோது அம்மா தூங்கிவிட்டார்.

கடைக்கு வருகிறேன். குறையே இல்லாத கடை இல்லை. கோழியை எலும்போடு கண்டபடி வெட்டுகிறார்கள், சில்லு நாக்கில் குத்தும். லாப் சியோங் மெல்லிசாக ஏழெட்டுத் துண்டு, எண்ணிவிடலாம். கீரை தனியாக வாங்க வேண்டும், அதில் சிப்பி சாஸ் தவிர ஒன்றும் இல்லை. கருவாட்டுத் துண்டு மட்டும் பிரமாதம். சுண்டுவிரல் நகம் அளவு இருந்தாலும் முழுச் சட்டிக்கும் உப்பு அதுதான். கருப்பு சோயாவும் எண்ணெயும் மேசையிலேயே இருக்கும், நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். பலர் மூடியைத் திறந்ததும் சளசளவென்று ஊற்றிக் கிளறிவிடுகிறார்கள். அடி நனைந்துபோகும். முதலில் இரண்டு வாய் வெறும் சோறு சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு கொஞ்சமாக, மேலாப்பில்.

இனி விலை. நான் முதலில் போனபோது 5 வெள்ளி. 8 ஆனபோது முணுமுணுத்தேன், நண்பர்களிடம் புலம்பவும் செய்தேன். இப்போது நேரக் கணக்கைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அரிசி, கொஞ்சம் கோழி, ஏழெட்டுத் துண்டு சாசேஜ். பொருளுக்கு இது அதிகம் என்று தோன்றும். ஆனால் வாங்குவது ஒரு மனிதர் தணல் முன்னால் நிற்கிற 40 நிமிஷம். பத்துச் சட்டி ஒன்றாக ஏறினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அதனால்தான் வரிசை, அதனால்தான் காத்திருப்பு. ஃபுட் கோர்ட்காரருக்கு வாடகை அதிகம், அவர் குறைக்கக்கூடியது நேரம் ஒன்றைத்தான். குறைத்துவிட்டார். 2020ல் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தைப் பட்டியலில் சேர்த்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்த வாரமும் நான் 50 காசு கூட்டினதுக்கு யாரோ ஒரு ஆன்ட்டியிடம் முகம் சுளித்திருப்பேன். மலிவாகவும் வேண்டும், மெதுவாகவும் வேண்டும் என்று கேட்கிற என்னைப் போன்ற வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அந்த அங்கிளின் பிள்ளைகள் ஏன் கரியடுப்புக்கு வர வேண்டும்? கடையில் நான் பார்த்தவர்களில் ஐம்பதுக்குக் கீழ் யாரும் இல்லை.

போகிறவர்களுக்கு: ஆறரைக்கு முன்னால் போய் ஆர்டர் கொடுத்துவிட்டு, டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடியுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் எண்ணெயைப் பற்றியும் கேளுங்கள். ஹலால் கிடையாது, சைவர்களுக்கு ஒன்றும் இல்லை. தாபாவ் வாங்காதீர்கள். டப்பாவில் ஓடு வீட்டுக்கு வருவதற்குள் ஈரச் சப்பாத்தி மாதிரி ஆகிவிடும். நான் ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன், அந்த அங்கிள் அள்ளிப் போடும்போதே வேண்டா வெறுப்பாகத்தான் போட்டார்.