ஆள் நீக்கிய தண்ணீர்

வேலூரில் அண்மையில் நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சியில் ஆலப்புழைக் கால்வாய்ப் படம் ஒன்று முதல் பரிசு வாங்கியது. விடியற்காலை, இரு கரையிலும் தென்னை, நடுவில் பட்டு விரித்தது போலத் தண்ணீர். ஒரு மனிதத் தலை கிடையாது. “பயணி அழகைத் தேடிப் போகிறவன், குறைகளைக் காட்ட நிருபர்கள் இருக்கிறார்கள்” என்று மேடையில் அதற்கு நியாயமும் சொன்னார்கள். அந்த நியாயத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தில் உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. உள்ளூர்க்காரன் பழகிப்போய்த் தவறவிடுவதை வெளியூர்க் கண் பிடித்துவிடும் என்பதும் உண்மை. ரகுபீர் சிங் ஜெய்ப்பூர்க்காரர். கேரளத்தை அவர் எடுத்த வண்ணப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

என் சண்டை அந்தப் பட்டுத் தண்ணீரோடுதான். லென்ஸ் முன் கறுப்பு ஃபில்டரை மாட்டி ஷட்டரை ஒரு நிமிடம் திறந்து வைத்தால் அலை மழுங்கிவிடும், நகரும் படகும் ஆளும் கரைந்துவிடுவார்கள். 1838-இல் புகைப்பட முன்னோடி டாகுவேர் எடுத்த பாரிஸ் வீதியிலும் கூட்டம் பதியவில்லை, காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவர்தான் நிலைத்தார். அது அன்றைய கருவியின் இயலாமை. இன்று அதையே காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறோம். வெனிஸில் கார்லோ நாயா பகலில் எடுத்த படத்துக்கு நீலம் பூசி, நிலா வைத்து, இரவுக்காட்சி என்று பயணிகளுக்கு விற்றார். கால்வாய் நகரங்களுக்கு இந்த ஒப்பனை பழையது.

ஆனால் ஆலப்புழைக் கால்வாய்கள் காட்சிக்காக வெட்டியவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் துறைமுகம் அமைத்தபோது, காயலிலிருந்து கடற்கரைக்குச் சரக்குப் போக வெட்டியவை. 1859-இல் ஜேம்ஸ் டாராவின் கயிற்றுப்பாய்த் தொழிற்சாலை வந்தது. 1946-இல் புன்னப்புரா-வயலார் தொழிலாளர் எழுச்சியில் குண்டடிபட்டவர்களில் கயிற்றுத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். அந்தத் தண்ணீரிலிருந்து ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு நீளக் குட்டைதான்.

காட்பாடியில் தன்பாத் வண்டி ஏறி ஆலப்புழைக்கு நானும் போயிருக்கிறேன். படித்துறையில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் நீண்ட கழியால் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். ஊதின தண்டுகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியே வழிந்தது. முக்காலி வைத்திருந்த பயணி அவரிடம், “கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்றார். அவரும் கழியோடு நகர்ந்து நின்றார்.

வேலூர் சத்துவாச்சாரிக்காரனான நான் இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றலாம். எங்களுக்குப் பாலாறு இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆறு. மழைக்காலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் அதில் பொங்குகிற வெள்ளை நுரையை ஒரு நிமிட ஷட்டரில் எடுத்துப் பாருங்கள், அழகான மூடுபனியாக விழும். அதற்கும் பரிசு கொடுப்பார்கள். நுரை வாடையில் குடியிருக்கிறவனுக்கு அந்தப் படத்தைக் காட்டி, அழகுதானே என்று கேட்க எந்த நடுவருக்கு வாய் வரும்?

கூட்டம் கலைந்தபின் பரிசுப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கக் கீழ் மூலையில், படித்துறை ஓரம், சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். இடுப்பளவு உயரம். மேலே நீளமாக ஒரு கோடு, கழி மாதிரி.