ரூ. 3,539 கொடுத்து வாங்கும் மதிப்பெண்

"பழைய கார்டை மட்டும் மூடிடாதீங்க, சிபில் அடிபட்டுரும்." கிரெடிட் கார்டு பற்றி யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் வந்து விழுகிற பேச்சு இது. வங்கியில் வேலை பார்க்கிற மைத்துனர் சொல்வார், யூடியூபில் சொல்வார்கள், கார்டை மூடச் சொல்லிப் போன் போட்டால் எதிர்முனையில் இருப்பவரும் அக்கறையான குரலில் இதையே சொல்வார். கடைசி ஆளுக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒருமுறை தவணை தவறி, மதிப்பெண் சரிந்து, இப்போது கடனைக் கட்டி மெல்ல எழுந்து வருகிறவருக்கு இந்த அறிவுரை சரிதானா என்பதுதான் கேள்வி. அவர் பர்ஸில் இருப்பது பெரும்பாலும், 'முதல் வருஷம் ஃப்ரீ' என்று மாலில் ஸ்டால் போட்டுத் தலையில் கட்டிய கார்டு. இரண்டாம் வருடம் ரூ. 2,999 கட்டணம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு ரூ. 3,539.

இந்த அறிவுரை பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே ஃபைகோ மதிப்பெண்ணின் பங்கீடு வெளிப்படை: ஒழுங்காகக் கட்டிய வரலாறு 35 சதவீதம், இருக்கிற கடனின் அளவு 30, கணக்குகளின் வயது 15, புதுக்கடன் 10, கடன் வகைகளின் கலவை 10. வயதுக்கு 15 என்று கண்டதும், கார்டை மூடினால் வயது போய்விடும் என்று பலரும் முடிவுகட்டினார்கள். அது அங்கேயே அரைகுறை உண்மைதான். ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு அமெரிக்க ரிப்போர்ட்டில் 10 ஆண்டுகள் வரை இருக்கும். ஃபைகோ அதன் வயதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே வரும். மதிப்பெண் கெட்டவர்களைக் குறிவைத்துக் கட்டணம் கறக்கும் கார்டுகளும் அதே நாட்டில்தான் உண்டு. அந்தக் கொள்ளையைக் கட்டுப்படுத்த 2009இல் ஒரு சட்டம் வந்தது. முதல் ஆண்டுக் கட்டணங்கள் லிமிட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. உடனே ஃபர்ஸ்ட் பிரீமியர் வங்கி 300 டாலர் லிமிட்டுக்கு 75 டாலர் கட்டணம், அதாவது கச்சிதமாக 25 சதவீதம், அதற்குமேல் 79.9 சதவீத வட்டி என்று ஒரு கார்டை இறக்கியது. அப்படியொரு கார்டை 'வயதுக்காக' வைத்திருக்கச் சொல்கிறவரின் கணக்கு எனக்குப் புரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணுக்கு எது எத்தனை பங்கு என்பதைவிட, மாதாமாதம் கையைக் கடிப்பது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது வட்டி. மாதம் 3.75 சதவீதம் என்று ஸ்டேட்மெண்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டுக்கு 45. அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் நிஜத்தில் 53 சதவீதம். கெடு தாண்டிய பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், அந்த வாசலும் அடைபட்டது.

ரூ. 50,000 பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத வட்டி ரூ. 1,875, அதன்மேல் வரி ரூ. 337.50. 'மினிமம் டியூ' என்று 5 சதவீதம், ரூ. 2,500 கட்டுகிறீர்கள். அசலில் கழிவது ரூ. 287.50. ஒரு சினிமா டிக்கெட்டும் ஒரு பாப்கார்னும். பாக்கி முழுதாகத் தீராதவரை, புதிதாகத் தேய்க்கிற பெட்ரோலுக்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். இந்த நிலையில் இருப்பவர் கார்டை மூடலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துவது, கூரை எரியும்போது ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசிப்பது போல. முதலில் தேய்ப்பதை நிறுத்த வேண்டும், பிறகு பாக்கியை அடைக்க வேண்டும்.

அடைக்க நம் வீடுகளில் ஒரு பழைய வழி இருக்கிறது. பீரோவில் சும்மா கிடக்கிற வளையல். வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி என்றால், அதே 50,000 ரூபாய்க்கு மாதம் ரூ. 417 வட்டி. 2,212 எங்கே, 417 எங்கே! நகையை அடகு வைப்பதைக் குடும்ப மானப் பிரச்சினையாகப் பார்க்கிற நாம், 53 சதவீத வட்டியை மட்டும் மானத்தோடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு. நகைக்கடனில் கார்டை அடைத்துவிட்டு, கார்டைத் திறந்தே வைத்திருந்தால், ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும். கார்டை மூடுவதற்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான், எந்த மதிப்பெண் கணக்கிலும் இது ஏறாது.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் அவற்றின் முழு பலத்தோடு எடைபோடுவதுதான் நியாயம். முதலாவது, லிமிட் குறைந்துவிடும் என்பது. கட்டணக் கார்டு லிமிட் 40,000, இன்னொன்று 60,000, மாதச் செலவு 20,000 என்றால், பயன்பாடு 20 சதவீதம். முதல் கார்டை மூடினால் அதே செலவு 33 சதவீதமாகத் தெரியும். உண்மைதான். ஆனால் இதற்கு மருந்து இலவசம். ஸ்டேட்மெண்ட் போடும் நாளுக்கு முன்பே ரூ. 8,000 கட்டிவிட்டால் நிற்பது 12,000, மறுபடியும் 20 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்பியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துவிட்டதால், ரிப்போர்ட்டில் இந்த எண் மாறவும் அதிக நாள் ஆகாது. இலவசமாகத் தீர்கிற ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 3,539 எதற்கு?

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. அறிவுரை சொல்கிற பலர் இதைத் தொடுவதே இல்லை. சிபில் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதக் கட்டங்கள் இருக்கும். எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று டி.பி.டி. எண் அதில் விழும். கணக்கு திறந்திருந்தால் மாதாமாதம் புதுக் கட்டம் வந்து சேரும், பழையது ஒன்று பின்னால் விழும். ஒழுங்காகக் கட்டிவந்தால், தாமத நாட்களைக் காட்டும் பழைய 30ம் 60ம் மூன்று ஆண்டில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மூடினால் அந்த வரிசை மூடிய மாதத்தோடு உறைந்துபோகும். கறை படிந்த கட்டங்கள் அப்படியே நிற்கும். கடன் கேட்டுப் போகும்போது ரிப்போர்ட்டைப் புரட்டுகிற அதிகாரியின் கண்ணில் அவை படும். ஆக, தவணை தவறிய கார்டு இதுவேதான் என்றால், அதுவும் அண்மையில் தவறியது என்றால், அவசரப்பட்டு மூடக் கூடாது. அப்போதும் கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்ட வேண்டியதில்லை. அதே கணக்கைக் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரக் கேட்கலாம், மாற்றித் தருகிற வங்கிகள் உண்டு. மூடப்போகிறேன் என்று சொன்னபிறகுதான் பல நேரம் அந்தக் கதவே திறக்கும்.

அங்கேயும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். "சார், ஒரு லட்சம் ஸ்பெண்ட் பண்ணா ஃபீஸ் வேவ் ஆயிடும் சார்" என்பார்கள். 2,999 மிச்சம் பிடிக்க ஒரு லட்சம் செலவழிப்பது மீண்டு வருகிறவருக்கான வைத்தியமல்ல, பழைய நோய்தான். வாழ்நாள் முழுக்கக் கட்டணமில்லை என்று மின்னஞ்சலில் வந்தால் ஏற்கலாம். போனில் சொன்னது காற்றோடு போகும்.

மூன்றாவது, வீட்டுக்கடன் விண்ணப்பம் வாசலில் நிற்கிறபோது மூடலாமா என்பது. கூடாது. ரூ. 40 லட்சத்துக்கு அரை சதவீத வட்டி கூடினாலே முதல் ஆண்டில் ரூ. 20,000 போய்விடும். அதன் பக்கத்தில் 3,539 சில்லறை. கடன் கைக்கு வந்தபிறகு மூடிக்கொள்ளலாம். கையில் இருப்பது இந்த ஒரு கார்டுதான் என்றாலும் மாற்று வரும்வரை பொறுப்பது நல்லது. மாற்று கிடைப்பது கடினமும் இல்லை. 20,000 ரூபாயை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு அதன்பேரில் கார்டு வாங்கலாம். மதிப்பெண் சரிந்தவருக்கும் தருகிறார்கள். டெபாசிட்டுக்கு வட்டி வரும், கார்டும் மற்றவற்றைப் போலவே சிபிலுக்குப் போகும்.

ஆக, என் தீர்ப்பு இது. மேலே சொன்ன விலக்குகளில் ஒன்றும் பொருந்தாவிட்டால், கட்டணக் கார்டை மூடத்தான் வேண்டும். பாக்கியை அடைத்து, மாற்றுக் கார்டு கைக்கு வந்தபின், அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்துக்கு முன்னால். மூடுவதால் மதிப்பெண் சில புள்ளிகள் இறங்கலாம். அது ஏறிவிடும். கட்டின கட்டணம் திரும்பாது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: செட்டில்மெண்ட். "50,000 பாக்கிக்கு 20,000 கட்டுங்க, முடிச்சுரலாம்" என்று வருகிற அழைப்பு கேட்கத் தேனாக இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று ஏறும். கடன் கொடுக்கிறவர் அதை 'இவர் முழுதாகக் கட்டவில்லை' என்றுதான் வாசிப்பார். 30,000 மிச்சம் என்று நினைத்தது, பின்னால் வரும் ஒவ்வொரு கடன் விண்ணப்பத்திலும் மறித்துக்கொண்டு நிற்கும்.

மூடுகிற வேலையிலும் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்டேட்மெண்டில் இருந்த 50,000 ரூபாயைப் பைசா விடாமல் கட்டினார். 'அப்பாடா' என்று கார்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார், ஆப்பையும் அழித்தார். ஸ்டேட்மெண்ட் போட்ட நாளுக்கும் அவர் கட்டிய நாளுக்கும் இடையே 15 நாள். அந்த நாட்களின் வட்டி ஏறத்தாழ ரூ. 925, வரி 166. அடுத்த ஸ்டேட்மெண்டில் ரூ. 1,091 என்று வந்தது. அவர் பார்க்கவில்லை. அதற்குத் தாமதக் கட்டணம், அதற்கு வரி. அரும்பாடுபட்டுக் கடனை அடைத்தவரின் ரிப்போர்ட்டில், அடைத்த பிறகு ஒரு தாமதம் விழுந்தது. கட்டியபின் இன்னும் ஒரு ஸ்டேட்மெண்ட் வரட்டும், அது பூஜ்யம் காட்டட்டும், பிறகு கத்தரியைத் தேடலாம். அதற்குள் கார்டில் தொங்குகிற ஓ.டி.டி. சந்தா, மொபைல் ரீசார்ஜ், மின்கட்டண ஆட்டோ டெபிட் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மூடும் கோரிக்கையை ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாகப் போடுங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலைநாளுக்குள் மூடியாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. இந்த விதியைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே, 'உங்களைப் போன்ற நல்ல வாடிக்கையாளரை இழக்க விரும்பவில்லை' என்ற பேச்சு பாதியாகக் குறையும். பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கிவையுங்கள். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் அதை இலவசமாகத் தந்தாக வேண்டும். அந்தக் கணக்கின் எதிரே மூடிய தேதி விழுந்திருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் புகார் போடுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்கும் நாளுக்கு ரூ. 100 உண்டு.